சாக்பீஸ் வட்டங்கள்

வட்டம் சுவரில் ஊர்ந்துபோகிறது, நடுவே வெள்ளை, ஓரத்தில் சாம்பல், அதற்கப்பால் சுவரே இல்லை, நகர்த்தினால் முன்னால் கொஞ்சம் சுவர் முளைக்கிறது, பின்னால் அவ்வளவு சுவர் காணாமல் போகிறது, பகல் பத்தரை மணிதான், மேலே அணையின் முதுகில் வெயில் காயும், சுற்றிப்பார்க்க வந்தவர்கள் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய மாங்காய் தின்றுகொண்டிருப்பார்கள், நான் அவர்களுக்கு எண்பது அடி கீழே, அணையின் வயிற்றுக்குள், கேலரி என்று நாங்கள் சொல்லும் சுரங்கநடையில், இடதுபக்கச் சுவருக்கு அந்தப்புறம் அத்தனை தண்ணீரும் நிற்க, டார்ச்சைப் பிடித்தபடி பிளாக் பிளாக்காகப் பார்த்து நடக்கிறேன், எங்கே ஈரம், எங்கே சொட்டு, எங்கே புதிதாக ஒரு வெடிப்பு, பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை, பதினெட்டு வருஷமாக, பிளாக் பதின்மூன்று, கசிவு இல்லை, பிளாக் பதினாலு, கசிவு இல்லை, விடுப்பு விண்ணப்பம் எழுதும் பரீட்சையில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கிய கை, தேதி வலப்புறம், பொருள் நடுவில், அடித்தல் திருத்தல் கிடையாது, கேலரி பல்புகள் ஈரத்தில் ஒவ்வொன்றாகச் செத்து வயரும் பச்சை பூத்துப்போன பிறகு டார்ச் ஒன்றுதான் துணை, துணை என்றா சொன்னேன், இல்லை, அதுதான் கண்.

ஆபீஸில் கொடுத்த மூன்று பேட்டரிக் கட்டை டார்ச் போதவில்லை என்று என் கைக்காசில் சார்ஜ் டார்ச் வாங்கினேன், கடைவீதியில் பட்டாணி பாய் கடையில், முதல் நாள் என்ன வெளிச்சம், அந்த வெளிச்சத்தைக் குறித்துவைக்கத் தோன்றியது, எதையும் குறித்துவைத்தால்தான் எனக்கு நிம்மதி, கேலரி வாசலுக்கு உள்ளே பத்தடியில் சுவர் காய்ந்திருக்கும், எதிரே சிமெண்ட் படியில் டார்ச்சை உட்காரவைத்து, வெளிச்சம் முடியும் ஓரத்தைச் சாக்பீஸால் சுற்றி வரைந்தேன், அடியில் தேதி போட்டேன், நாலு மாதத்தில் அதே படி, அதே டார்ச், முழுச் சார்ஜ், வட்டம் கோட்டுக்குள்ளே ஒரு சாண் சுருங்கிக் கிடந்தது, அதையும் வரைந்து தேதி போட்டேன், பிறகு டார்ச்சோடு சேர்த்துக் கம்பெனிக்குக் கடிதம், ஐயா, பொருள், விளக்கின் ஒளி மங்குதல் தொடர்பாக, அளவுகள் கீழே, பதில் வந்தது, தாங்கள் அனுப்பிய விளக்கைச் சோதித்தோம், ஒளி சிறிதும் குறையவில்லை, பட்டாணி பாய் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார், சார், லைட்டு புதுமாப்பிள்ளை கணக்கா இருக்காம்லா, நீங்கதான் பொண்ணு வீட்டுக்காரங்க மாதிரி குத்தம் சொல்லுதீய, எனக்குச் சிரிப்பு வரவில்லை, இரண்டாவது டார்ச் வாங்கினேன், இரண்டாவது கடிதம் எழுதினேன், மூன்றாவது வாங்கினேன், தோளில் மாட்டப் பட்டை வைத்தது, கைப்பிடியோடு ஒன்றரைக் கிலோ, ஆற்றுக்கு அந்தக் கரை வரைக்கும் அடிக்கும் என்றார் பாய், இதுவும் பத்தலன்னு வந்தீயன்னா லைட்ஹவுஸத்தான் கழட்டிக்கிட்டு வரணும் சார், முதல் நாள் அந்த ஒன்றரைக் கிலோ வெளிச்சத்தில் சுவரின் மணல்கூடத் தெரிந்தது, வீட்டில் இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன், இரண்டே மாதம், கோட்டுக்குள் கோடு, கோட்டுக்குள் கோடு.

கட்டை செத்துப்போச்சுலே என்பார் அப்பா, அந்தக் குரல் இங்கே எப்படி வருகிறது, வெயிலில் பேட்டரிக் கட்டைகள் ஓட்டுமேல் வரிசையாகக் காய்கின்றன, வற்றல் காய்வதுபோல, காய்ந்தால் கொஞ்சம் உயிர் வரும் என்று அப்பா மத்தியானம் முழுக்க அவற்றைப் புரட்டிக்கொண்டிருப்பார், கடைக்காரன் பழைய சரக்கைத் தந்துவிட்டான் என்று திட்டுவார், புதுக் கட்டை போட்டாலும் திட்டுவார், சாயங்காலம் பஜாருக்குப் போனால் என் தோளில் கை வைத்துக்கொள்வார், பிள்ளைமேல் என்ன பிரியம் பாரு என்று எதிரே வருபவர்கள் சொல்வார்கள், நானும் பிரியம் என்றே நினைத்தேன், அந்தக் கை தோளைக் கவ்வும் கவ்வில் எலும்பு வலிக்கும், அப்படியும் பிரியம் என்றே நினைத்தேன், ஒருநாள் நான் கூடப் போகவில்லை, விளக்கு வைக்கிற நேரம், அப்பா எரிகிற டார்ச்சோடு வாய்க்காலில் விழுந்தார், கையில லைட்ட வச்சிக்கிட்டே விழுந்திருக்காரே, சாராயமா என்று கேட்டுச் சிரித்தார்கள், அப்பாவைத் தூக்கிவிட்ட பிறகும் தண்ணீருக்கடியில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது, மஞ்சளாக, குறையாமல், கட்டை நல்லாத்தாம்லே இருந்திருக்கு என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொன்னாள், அன்றையிலிருந்து நாலு மணிக்கு மேல் அப்பா வாசல் தாண்டவில்லை, இப்போது கனவில் அந்த வாய்க்கால் அணையளவுக்கு ஆழமாகிவிடுகிறது, அடியில் அந்த மஞ்சள், நான் குனிந்து பார்க்கிறேன், குனியக் குனிய அது புள்ளியாகிறது.

இனிமேல் கேலரிக்குள் ஒற்றை ஆளாகப் போகக்கூடாது என்று அடுத்த வாரம் உத்தரவு வந்தது, என்னோடு ஆவுடைத்தங்கத்தைப் போட்டார்கள், மதகு திறந்து மூடும் லஸ்கராக இருந்த அவள் புருஷன் செத்ததும் அந்த வேலைக்கு வந்தவள், வாயை மூடத் தெரியாது, இருட்டுக்குப் பயந்து உள்ளே வந்ததிலிருந்து பேச்சு, அண்ணாச்சி, கொஞ்சம் தாழ்த்திப் புடிங்க, கண்ணு கூசுது, நான் கேலி என்று நினைத்தேன், சாக்பீஸ் கோடுகளைப் பார்த்து நின்றுவிட்டாள், இதென்ன அண்ணாச்சி, மார்கழிக்கு இங்கயே கோலம் போட்டுப் பழகுதீயளா, நான் டார்ச்சைப் படியில் வைத்து விளக்கினேன், இது முதல் வட்டம், பதினோரு மாதத்துக்கு முன்னால், இது ஆடியில், இந்தச் சின்னது போன வாரம், வெளிச்சம் இப்போ இவ்வளவுதான், தேதி பாரு, எல்லாம் கணக்காக இருக்கிறது, அவள் சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வா, நேரமாகுது என்றேன், என் குரல் அப்பாவின் குரல்போல இருந்தது.

பன்னிரண்டு, பதின்மூன்று, கசிவு இல்லை, கசிவு இல்லை, பதினாலில் வட்டத்தை ஓட்டினேன், காய்ந்த சுவர், எழுதப்போனேன், அண்ணாச்சி, எழுதாதீய, என்றாள், அந்தா, உங்க வலது தோளுக்கு மேல, வெள்ளையா உப்பு பூத்து வழிஞ்சிருக்கு, அதுக்கு நடுவுல தண்ணி கோடா எறங்குது, எங்கே, அந்தா, எங்கே என்றால் வட்டத்தை எங்கே கொண்டுபோக, வட்டமெல்லாம் வேண்டாம், லைட்டு அங்கயும் அடிக்கத்தான செய்யுது, உங்களுக்குத் தெரியலயா, அவள் என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள், ஈரம், குளிர்ந்த, ஓடுகிற ஈரம், ஓரத்தில் பொருக்காகச் சுண்ணாம்பு, இது நேத்துப் பூத்ததில்ல அண்ணாச்சி, மாசக்கணக்கா இருக்கும், என் விரல்களுக்கிடையே தண்ணீர் வழி கண்டுபிடித்துப் போகிறது, மாசக்கணக்காக என்றால் எத்தனை பக்கம், பக்கத்துக்குப் பக்கம் அச்சுப்போல என் எழுத்து, கீழே குவார்ட்டர்ஸ் இருக்கிறது, பட்டாணி பாய் கடை, பள்ளிக்கூடம், ஆற்றோரம் துவைக்கிற சத்தம், எல்லாரும் என் கையெழுத்தை நம்பித் தூங்கியிருக்கிறார்கள், என்ன எழுதப்போறீய என்றாள் மெதுவாக, சொன்னால் வேலை போகும், சொல்லாமல் கட்டையைக் குறை சொல்லலாம், கம்பெனியைக் குறை சொல்லலாம், ஐயா, பொருள், பதிவேட்டைத் திறந்து எழுதினேன், பிளாக் பதினாலு, கசிவு உண்டு, உடனே பார்க்கவும், கடந்த பதினோரு மாதப் பதிவுகளை நம்ப வேண்டாம், பழுது விளக்கில் இல்லை, பார்ப்பவர் கண்ணில், வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வரியைக் கோணலாக எழுதினேன், எழுதியது சரியாக இருக்கா பாரு என்று அவளிடமே கொடுத்தேன், சரியா இருக்கு அண்ணாச்சி, என்றாள், மேல போய் இன்ஜினியர்கிட்ட நானும் கூட நிக்கேன்.

திரும்பும்போது டார்ச்சை அவள் தோளில் மாட்டிவிட்டேன், அவள் தோளில் கை வைத்தேன், கவ்வினேன் போலிருக்கிறது, மெதுவா அண்ணாச்சி என்றாள், வாசல் பக்கத்துக் காய்ந்த சுவருக்கு வந்ததும், ஒரு நிமிஷம், டார்ச்சைப் படியில வை, இந்தா சாக்பீஸ், வெளிச்சம் நிஜமாக எங்கே முடியுதோ அங்கே வரை என்றேன், இப்ப எதுக்கு அண்ணாச்சி, மேல போவோம், வரை தாயி, பார்த்துக்கொண்டு நிற்கிறேன், என் வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, அவள் அவற்றைத் தாண்டி நடக்கிறாள், அவள் முகம் போகிறது, சேலைக் கரை போகிறது, கை போகிறது, சுவர் இல்லாத இடத்தில் சாக்பீஸ் கரகரவென்று உரசுகிறது, மேலே ஏறுகிறது, இன்னும் தள்ளிப் போகிறது, முடிஞ்சிட்டா என்று கேட்கிறேன், இல்ல அண்ணாச்சி, இன்னும் இருக்கு, என்கிறாள், தூரத்திலிருந்து.