துணியைப் பார்க்க நின்றவளின் நோக்கம்

1.
இதை எழுதுகிறவன் ஆறரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான். பால் பொங்கி வழிந்தது, அடுப்பைத் துடைத்தான். பிறகு இந்தக் கதைக்கு உட்கார்ந்தான்.

(கதை என்பது பிற்பாடு வந்த பெயர். மாணவர் உரிமை மன்றத்தின் செயலாளர் கேட்டது ஒரு படிவம். கண்காட்சிச் சுவரில், இறந்துபோன அவன் மனைவியின் படத்துக்குக் கீழே ஒட்ட. 'தடைசெய்யப்பட்ட கலைஞர்களுக்காக ஏன் நின்றேன்?' விண்ணப்பதாரர், அதாவது அவள், தன் சொற்களிலேயே எழுத வேண்டும். மாலைக்குள் வராவிட்டால் மன்றமே எழுதிக்கொள்ளும்.)

2.
சிறு வயதிலிருந்தே அநீதியைக் கண்டால் என் நெஞ்சு

இல்லை. அநீதியைக் கண்டால் அவளுக்குப் பசிக்கும். கோபமெல்லாம் சாப்பிட்ட பிறகுதான்.

3.
நடந்தது இது. ஓர் ஓவியத்தைத் தடைசெய்து, ஓவியரை உள்ளே தள்ளி, படத்தைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். துணியைப் பார்க்கக் கூட்டம் கூடியது. துணியையும் தடைசெய்து, அதன்மேல் இன்னொரு துணி போட்டார்கள். வரிசை தெருமுனையைத் தாண்டியது. கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்த அவள், பஸ் பாஸ் வரிசை என்று நினைத்து ஒன்றரை மணி நேரம் நின்றாள். துணிக்கு முன்னால் அதிகாரி நோக்கம் கேட்டார். பஸ் பாஸ் என்றாள். அப்படி ஓர் இயக்கம் இருக்கிறதா என்று அவர் மேலிடத்துக்கு போன் போட்டார். அவளுடைய அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் அதே வரிசையில் தெரிந்தே போய் நின்றாள்.

"இவ்வளவு பயப்படுறாங்களே, அப்படி என்னதான் வரைஞ்சிருக்காரு அந்த ஆளு?"

அப்புறம் மூன்று வருடம் மனு, கடிதம், சிறை வாசல். ஓவியத்தை அவள் கடைசிவரை பார்க்கவில்லை.

(பாத்திரம் போதுமான அளவு உயர்வாக இருக்கிறதா? சந்தேகம்தான். இருக்கட்டும்.)

4.
செயலாளருக்கு போனில் படித்துக் காட்டினான்.

"உருக்கமா இருக்குண்ணா. பஸ் பாஸை மட்டும் எடுத்துடலாமா?"

"எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு?"

"மனசாட்சின்னு போட்டுக்கலாம்ணா."

இது தணிக்கையை எதிர்க்கிற கண்காட்சிதானே என்று கேட்டான். ஆமாம், அதனால்தான் பார்த்துப் பார்த்து வெட்டுகிறோம் என்று செயலாளர் பொறுமையாக விளக்கினார்.

5.
முடிவுகள்.

மன்றத்துக்குப் பிடித்தது: 'ஓவியரை விடுதலை செய்' என்று சொல்லிக் கண்மூடுகிறாள்.

அவனுக்குப் பிடித்தது: அவன் பெயரைச் சொல்லி

இரண்டும் நடக்கவில்லை. படிவம் இதோ, காலியாக இருக்கிறது. எழுத ஆசைப்படுகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒன்று. ஆஸ்பத்திரியில், கடைசி நாள் காலையில், வலி எப்படி இருக்கிறது என்று டாக்டர் அவனைப் பார்த்துக் கேட்டார். குறைந்திருக்கிறது என்று அவன் சொன்னான். அவள் கண்ணைத் திறந்தாள்.

"வலி எனக்கு. இவர்கிட்ட ஏன் கேக்கறீங்க டாக்டர்? என்னைக் கேளுங்க."