சாவி மாமனார் சட்டைப் பையில்

மாமனார் வண்டியைக் கொடுத்துவிட்டார், சாவியைத்தான் கொடுக்கவில்லை.

வெளுத்துப்போன நீல நிறத்தில் ஒரு பழைய பிக்கப். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கையோடு மாமனார் ஆசையாக வாங்கியது. பார்வை மங்கிவிட்டது, இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு சில நாள் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "கண்ணாடிக் கடைக்கு ஆகட்டும்" என்றார். கண்ணாடிக் கடை மருமகனுடையது. ஆளுயரக் கண்ணாடிகளுக்குச் சட்டம் போட்டு, கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பது அவன் தொழில்.

ஒரே ஒரு நிபந்தனை. மாப்பிள்ளையின் ஓட்டம் சீராகும் வரை மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். வண்டி நின்றதும் சாவி அவர் சட்டைப் பைக்குள் போய்விடும்.

ஓட்டமோ சீராகிற வழியாகத் தெரியவில்லை. தெருமுனை தாண்டுவதற்குள் இன்ஜின் இருமத் தொடங்கும். சிக்னலில் நின்றால் குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி வண்டி முழுக்க உதறும். பின்னால் கட்டியிருக்கும் கண்ணாடிகளில் வானமும் மேகமும் மின்கம்பிகளும் சேர்ந்து நடுங்கும்.

"மாப்பிள்ளை, கிளச்சை விடுறீங்களா, எட்டி உதைக்கிறீங்களா?"

"மெதுவாத்தான் மாமா விடுறேன்."

"என் பஸ்ல நின்னுக்கிட்டே டீ குடிச்சவங்க உண்டு. ஒரு சொட்டு சிந்தினதில்ல."

இந்த டீயைக் கேட்டுக் கேட்டு மருமகனுக்கு டீ மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்கள். அவர் வாய் ஓயாத ஆள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். பானட்டைத் திறந்ததும் மாமனார் மேற்பார்வை பார்க்க முதல் ஆளாக இறங்கிவிடுவார். இன்ஜின் அப்போது மட்டும் பால் குடித்த குழந்தை போல முனகும். சந்தேகத்துக்கு பிளக்கை மாற்றினார்கள், பிளக் ஒயரை மாற்றினார்கள், பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார்கள். "புகை வருதான்னு நான் ரோட்டுல நின்னு பாக்குறேன்" என்று மாமனார் நின்றுகொள்ள, மெக்கானிக் தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தார்.

"வெண்ணெய் மாதிரி போகுதே பெரியவரே. வண்டியில ஒண்ணுமில்ல. வண்டிக்கு உங்க மாப்பிள்ளையைப் புடிக்கல, அவ்வளவுதான்."

"நான் சொன்னா யார் கேக்குறா?" என்றார் மாமனார். சாவி சட்டைப் பைக்குள் போனது.

அன்று இரவு மருமகன் மனைவியிடம் கேட்டான். "உங்க அப்பா சொல்ற மாதிரி நான் அவ்வளவு மோசமாவா ஓட்டுறேன்?"

"சைக்கிளையே நீங்க தள்ளிக்கிட்டுதானே போவீங்க" என்றாள் அவள், பாத்திரத்தைத் துடைத்தபடி.

அந்த வாரம் முடிதிருத்தும் கடைக்குக் கொண்டுபோன பெரிய கண்ணாடி, இறக்கும்போது மூலையிலிருந்து மூலைக்கு விரிசல் விட்டிருந்தது. கடைக்காரர் அதில் தன் முகம் இரண்டாகப் பிளந்திருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னொண்ணு கொண்டாங்க. அதுவும் இப்படி வந்தா வேற இடம் பாத்துக்கிறேன்" என்றார்.

திரும்பி வரும் வழியில் மாமனார் எதுவுமே சொல்லவில்லை. மருமகன் ஆச்சரியப்பட்டுத் திரும்பிப் பார்த்தான். கழுத்து சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வேறொன்றும் அப்போதுதான் உறைத்தது: வண்டி நடுங்கவில்லை. ஏரியில் படகு போவதுபோல, சத்தமே இல்லாமல் சாலை அடியில் வழுக்கிக்கொண்டு போனது. தானும் நல்ல டிரைவர்தான் என்ற எண்ணம் அவனுக்குள் எழுந்து உட்கார்ந்த நேரத்தில், ஒரு பூனை குறுக்கே ஓடியது. அவன் பிரேக்கை அழுத்தினான். மாமனார் விழித்தார். அவருடைய வலது கால் விறைப்பாக நீண்டு தரைவிரிப்பை ஓங்கி மிதித்தது. இன்ஜின் இருமியது.

அந்தக் காலையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தான் மருமகன். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, வேண்டுமென்றே ஒரு லாரியின் பின்னால் கொஞ்சம் நெருக்கமாகப் போனான். கால் மிதித்தது, வண்டி உதறியது. விலகினான். கால் தளர்ந்தது, உதறல் நின்றது. உறுதி செய்துகொள்ள இன்னொரு லாரி தேவைப்பட்டது.

"இன்னிக்கு என்னைக் கொன்னுடறதுன்னே கிளம்புனீங்களா மாப்பிள்ளை?"

"மன்னிச்சுக்குங்க மாமா. நேரா மெக்கானிக்கிட்டதான் போறோம்."

இந்த முறை மெக்கானிக்கைத் தனியாக அழைத்துப் போய்க் காதில் சொன்னான். அவர் மாமனாரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்றுப் போனார். திரும்பி வந்ததும் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லை. குனிந்து பக்கத்து சீட்டின் தரைவிரிப்பை உரித்தார். இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று சொல்கிற சின்னப் பெட்டி அந்தப் பக்கத்து டேஷ்போர்டுக்கு அடியில் இருந்தது. அதற்குப் போகும் ஒயர்கள் விரிப்புக்குக் கீழே நசுங்கி, உறை கிழிந்து கிடந்தன. அழுத்தினால் தொடர்பு அறுந்தது, விட்டால் ஒட்டிக்கொண்டது. மேலே விரிப்பில் ஒரு குழி, குதிகால் அளவில்.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். மருமகன் இத்தனை மாதமாகச் சேர்த்துவைத்த பதில்கள் எல்லாம் வரிசையில் நின்றன. டீ பற்றிக்கூட ஒன்று இருந்தது. மாமனாரைப் பார்த்தான். அவர் வலது காலை மெல்ல இடது காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டிருந்தார்.

"எலியா இருக்கும்" என்றான்.

"ஆமா, எலிதான்" என்றார் மெக்கானிக். "இந்தப் பக்கம் தொல்லை ஜாஸ்தி."

மாமனார் குனிந்து அந்தக் குழியைக் கிட்டத்தில் பார்த்தார். "செருப்புப் போட்ட எலி" என்றார். சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்து மருமகன் உள்ளங்கையில் வைத்தார். "பழக்கம் மாப்பிள்ளை. கண்ணுதான் ஓய்வு வாங்கிச்சு. காலுக்கு யாரும் சொல்லல."

ஒயர்களைச் சரிசெய்து, மேலே ஒரு இரும்புத் தகட்டை வைத்து முடுக்கினார் மெக்கானிக். அதோடு நிற்காமல், உடைசல் குவியலிலிருந்து ஒரு பிரேக் பெடலையும் ஸ்பிரிங்கையும் தேடி எடுத்து, எதோடும் இணைக்காமல், அந்தத் தகட்டில் பொருத்தினார்.

மறுவாரம் முடிதிருத்தும் கடைக்குப் புதுக் கண்ணாடி கிளம்பியது. சாவி மருமகன் கையில் இருந்தது. மாமனார் வழியனுப்புகிறவர்போல வாசலில் நின்றார். மருமகன் அடுத்த பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

"ஏறுங்க மாமா. உங்க பக்கமும் பிரேக் இருக்கு."

அவர் ஏறி உட்கார்ந்து, காலைப் பெடல் மேல் வைத்துப் பார்த்தார். ஸ்பிரிங் அமுங்கி எழுந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பின்னால் கண்ணாடியில் வானம் அசையாமல் நின்றது. சிக்னல் சிவப்பானதும் இருவரும் மிதித்தார்கள். வண்டி கோட்டுக்கு முன்னால் பூப்போல நின்றது.

மாமனார் பெடலை இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"என் பக்கம் கொஞ்சம் லேட்டா புடிக்குது மாப்பிள்ளை. மெக்கானிக்கிட்ட சொல்லணும்."