கிட்டார் இல்லாத கிறிஸ்துமஸ் பாட்டு

திண்டிவனத்துத் தனியார் பள்ளியொன்றில் மாணவர் தாளக் குழுவைப் பழக்கிக்கொண்டிருந்தாள் ஜெசிந்தா. விழுப்புரத்து கிறிஸ்துமஸ் விழாவில் அவர்கள் ஒரு ராக் பாட்டு வாசிக்க வேண்டும். குழுவில் பாடகர் இல்லை, கிட்டாரும் இல்லை. மெட்டை சைலோஃபோனுக்குக் கொடுத்தாள். அடிநாதத்தைப் பெரிய டிரம்முக்கு. நடுவில் கிட்டார் தனியாகச் சீறுகிற இடம்தான் படியவில்லை. ஸ்னேர் டிரம்மில் போட்டால் போலீஸ் அணிவகுப்பு மாதிரி இருந்தது.

ப்ளஸ் ஒன் வெண்ணிலா மூலையில் இருந்த பறையை எடுத்து, ஒல்லிக் குச்சியால் விளிம்பில் விசிறினாள். அறையே சிலிர்த்தது.

"இதான்! இதையே வைச்சுக்க" என்றாள் ஜெசிந்தா.

யாரோ அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டார்கள். முகையூர் பக்கம் சொந்த நிலத்தில் கரும்பு போடுகிற குடும்பம் வெண்ணிலாவுடையது. மறுநாள் மத்தியானமே அவள் அண்ணன் வல்லரசு இரண்டு கூட்டாளிகளோடு ஒத்திகை அறைக்குள் நுழைந்தான்.

"இன்னா மிஸ், எங்க வூட்டுப் பொண்ணு கையில பறையைக் குடுத்துக்கினு கூத்து காட்டுறியா?"

"பசங்க முன்னாடி கத்தாதீங்க. வெளிய வாங்க, பேசலாம்."

"உங்க ஜனம் அடிக்கிறதை நீயே அடிச்சிக்க!"

பெரிய டிரம்மை உதைத்தான். தோல் கிழிந்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். பறையைப் பிடுங்கப்போன அவனை ஜெசிந்தா மறித்தாள். டிரம் ஸ்டாண்டின் இரும்புக் காலைத் தூக்கி அவள் வலது மணிக்கட்டில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. வெண்ணிலாவின் பின்னலைக் கையில் சுற்றிக்கொண்டு தரையோடு இழுத்தான். விரல்களைச் செருப்புக் காலால் மிதித்தான்.

"இனிமே நீ எப்படி அடிக்கிறேன்னு பாக்குறேன்டி!"

ஜெசிந்தாவின் இடது கைக்கு எட்டியது ஒரு சிம்பல். விசிறினாள். பித்தளை விளிம்பு வல்லரசின் மூக்கைப் பிளந்தது. ரத்தம் சட்டையெல்லாம் வழிய அவன் மண்டியிட்டான். கூட்டாளிகள் பின்வாங்கினார்கள். அவளுக்கு நிறுத்தத் தோன்றவில்லை. மறுபடி ஓங்கினாள். அந்தக் கணத்தில் கை வலியே தெரியவில்லை. உடம்பெங்கும் ஒரு சந்தோஷம்தான் ஓடியது.

"மிஸ்! வாணாம் மிஸ்! செத்துடுவான்!" வெண்ணிலா காலைக் கட்டிக்கொண்டாள்.

சிம்பல் தரையில் விழுந்து வெகுநேரம் அதிர்ந்தது. அப்புறம்தான் ஜெசிந்தா அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள்.

இரு பக்கமும் வழக்கு பதிவானது. கட்டுப் போட்ட கையோடு இருந்தவளிடம் தாளாளர் மாசிலாமணி வந்தார். "பறையை மட்டும் எடுத்துடும்மா. பேஜாரு புடிச்ச வேலை. ரெண்டு பக்கமும் கேஸை வாபஸ் வாங்க வச்சிடலாம்."

"அதை எடுத்தா பாட்டு நிக்காது சார்."

"அந்தப் பொண்ணை வூட்ல பூட்டி வச்சிருக்காங்களாம். யாரு அடிப்பா?"

ஜெசிந்தா பறையை எடுக்காமலே ஒத்திகையைத் தொடர்ந்தாள்.

விழாவன்று விழுப்புரம் மேடைக்குப் பின்னால் வெண்ணிலா நின்றிருந்தாள். உதடு வீங்கியிருந்தது. முதுகில் பெல்ட் தடம் ஜாக்கெட்டுக்கு மேலும் தெரிந்தது. பக்கத்தில் துணிப்பையோடு அவள் அம்மா அன்புச்செல்வி.

"பூட்டை ஒடச்சி இட்டாந்தேன் மிஸ். இங்க என் தங்கச்சி வூட்லயே இருந்து படிக்கட்டும்."

வெண்ணிலா விரல்களை நீட்டினாள். மடங்கவில்லை. "ஒல்லிக் குச்சி நிக்க மாட்டேங்குது மிஸ்."

மேடையேறக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஜெசிந்தா பிள்ளைகளைக் கூட்டி, வாயால் தாளம் சொல்லியே பாட்டை மாற்றினாள். கிட்டாரின் சீற்றத்தை எல்லாருக்கும் பிரித்தாள்: ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர், விளிம்பில், கட்டையில், தரையில். வெண்ணிலாவுக்கு ஒவ்வொரு சுற்றின் முதல் அடி மட்டும். தடித்த குச்சியை அவள் கையில் வைத்துத் துணியால் கட்டினாள்.

முதல் அடியிலேயே வெண்ணிலாவின் கண்ணில் நீர் வந்தது. இருந்தும் விடவில்லை, ஒவ்வொன்றும் யாரையோ ஓங்கி அறைவதுபோல விழுந்தது. பின்னாலேயே மற்ற பிள்ளைகள் பாய்ந்தார்கள். கூட்டம் எழுந்து நின்று ஆடியது. ஜெசிந்தா ஆடவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று யாரும் வரவில்லை. வெண்ணிலா சித்தி வீட்டில் தங்கி விழுப்புரத்திலேயே பள்ளியில் சேர்ந்தாள். அன்புச்செல்வியைப் புருஷன் வீட்டுக்குள் சேர்க்கவில்லை; மகளோடுதான் இருக்கிறாள். வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் வல்லரசு நீதிமன்ற வராந்தாவில் தையல் தழும்பு விழுந்த மூக்கோடு ஜெசிந்தாவை முறைக்கிறான். அவளும் பார்வையைத் தாழ்த்துவதில்லை.