உடம்பு பார்க்க வந்தவர்கள்

கொடுமுடியில் ஒரு கல்யாணம். வெள்ளகோவிலில் மூன்று தலைமுறையாக எண்ணெய் மில் நடத்தும் குடும்பம் எங்களுடையது. சென்னிமலை என்ற என் பேரைச் சொன்னால் காங்கேயம் வரைக்கும் தெரியும். அப்படியிருக்க, பெண் வீட்டுக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, கதை எழுதற மோகனப்பிரியாவோட மாமனாருங்களா நீங்க?" என்று கேட்டார். நான் பந்தியில் உட்காராமலே பஸ் ஏறிவிட்டேன்.

மருமகள் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் காலை வைத்ததும் சொன்னேன்.

"போதும் அம்மணி. நம்ம ஊட்டுப் பேரு பெட்டிக்கடையில கிளிப்பு மாட்டித் தொங்க வேண்டாம். அதையெல்லாம் ஆரு படிக்கறா?"

"சரிங்க மாமா" என்றாள். எழுதுவது அன்றோடு நின்றது.

வீட்டு வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முன்பெல்லாம் சமையலறையில் தனியாகப் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்கும். அது கேட்கவில்லை.

"கதையில வர்றவிய பேச்சைப் பேசிப் பாத்துக்குவா. இப்ப ஆருகிட்டப் பேசுவா?" என்றாள் என் மனைவி பூவாத்தாள். நான் பேப்பரைத் திருப்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலைந்து பெண்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்கள். ஒருத்தி கையில் சாத்துக்குடிப் பை, இன்னொருத்தி கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். முன்னால் வந்த பெரியவள் என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"மோகனப்பிரியா ஊடு இதுதானுங்களே? அவிய மாமனாரு..."

"நான்தான்."

"எந்திரிச்சு நிக்கறீங்க!"

"நிக்காம?"

"இல்லீங்க, நாங்க சோமனூர்ல இருந்து வாரோம். தறி ஓட்டறவிய. நான் செல்லாத்தா. கதையில மாமனாருக்கு, அதான் உங்களுக்கு, நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரி வார்டுல போட்டாங்கல்ல, அத்தோட கதையவே காணோம். நெசமாவே உங்களுக்கு என்னமோ ஆயிப்போச்சு, அதான் அம்மணி எழுதலைன்னு நெனச்சுப்போட்டோம். ஒரு எட்டு வந்து பாக்காட்டி நல்லாவா இருக்கும்?"

"அது நானில்லைங்க. கதை."

"மீசையத் தடவறதுகூட அப்படியே இருக்குதுங்க" என்றாள் பின்னால் நின்ற சின்னப் பெண். கையை மீசையிலிருந்து எடுத்தேன்.

உடம்பு பார்க்க வந்தவர்களை வாசலோடு அனுப்பும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. உள்ளே உட்காரச் சொன்னேன். மோகனப்பிரியா காபி கொண்டுவந்தாள். அந்தச் சின்னப் பெண் தட்டையே வாங்கி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் செவ்வந்தி. நான்தான் எல்லாத்துக்கும் படிச்சுக் காட்டறவ. தறிச் சத்தத்துல கேக்காதுன்னு கரண்ட் நின்னாத்தான் படிப்பேன். மொதல்ல கரண்ட் போனாத் திட்டுவோம். உங்க கதை வந்தப்பறம் கரண்ட் வந்தாத் திட்டறோம்."

மோகனப்பிரியா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"அப்பறம் ஏன் கண்ணு நிறுத்திப்போட்டே?" என்றாள் செல்லாத்தாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மருமகள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஊட்டு வேலைங்க. நேரமே அமையலை."

வந்தவர்கள் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண்.

"அந்தப் பெரியவரு மொரடுதான். ஆனா மனசு நல்ல மனசு. பொழைச்சுக்குவாருங்களா?" செல்லாத்தாள் கேட்டது என்னை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"பொழைச்சுக்குவாரு. சீக்கிரமே பத்திரிகையில படிப்பீங்க" என்றேன்.

பஸ் ஸ்டாண்டு வரை மில் வேனில் அனுப்பி வைத்தேன். உள்ளே வந்தால் மோகனப்பிரியா சங்கடத்தோடு நின்றிருந்தாள்.

"மாமா, அடுத்த வாரத்துல அவரு செத்துப்போறாருங்க. அப்படித்தான் யோசிச்சு வெச்சிருந்தேன்."

"ஊடு தேடி வந்தவங்ககிட்டச் சொல்லிப்போட்டேன் அம்மணி. இந்த ஊட்டுல சொன்ன சொல்லு மாறாது."

"அப்ப மிச்சக் கதைய பூராவும் மாத்தோணுங்களே!"

"மாத்து."

கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. மிரட்டுகிற தொனி. யார் குரல் என்று எனக்குத் தெரியாதா? ஒரு சாத்துக்குடியை உரித்துக்கொண்டே கூப்பிட்டேன்.

"அம்மணி!"

"என்னங்க மாமா?"

"அந்த மனுசனைப் பொது வார்டுல படுக்க வெக்காதே. தனி ரூம் எடு."