டேரில் மெல்பர்னில் இருக்கிறான்

சனிக்கிழமை காலையில் விடுதியின் சமையலறையில் நின்றபடியே ரேலீன் ரொட்டியில் வெஜிமைட் தடவி, நான்கு துண்டுகளைத் தாளில் சுற்றிக்கொண்டாள். மத்தியானச் சாப்பாடு அதுதான். கணவன் லீத்துக்குச் சொந்த ஊரான குவீன்ஸ்டவுனில் சுரங்க வேலை போய் எட்டு மாதமாகியிருந்தது. கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதற்கு எங்காவது போய்த்தான் ஆகவேண்டும் என்று அவன்தான் பிடிவாதமாக ஹோபார்ட்டுக்குக் கூட்டி வந்திருந்தான்.

துறைமுகத்துச் சந்தையில் ருசி பார்க்கக் கொடுத்த பாலாடைக்கட்டியை மூன்று கடைகளில் தின்றார்கள். ஆசைக்கு, சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை ஒன்றை வாங்கி, லீத் அதை இரண்டாகப் பிட்டான்.

"பெரிய துண்டு உனக்கு."

"எது பெரிசு? ரெண்டையும் தேடினா ஒரு சிப்பிதான் தேறும்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

மழை வலுத்ததும் நூலகத்துக்குள் ஒதுங்கினார்கள். காசில்லாமல் கதகதப்பாக உட்கார அதைவிட நல்ல இடம் கிடையாது. லீத் பழைய சுரங்கப் படங்களைப் பார்க்க மாடிக்குப் போனான். ரேலீன் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். எதிர் நாற்காலியில் ஒருவன் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். ஈரச் செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் உறையைச் சுற்றியிருந்தான். தாடிக்குள்ளிருந்த முகத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. லீத்தின் தம்பி டேரில்.

கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ், கடலுக்கு அப்பால் மெல்பர்னிலிருந்து பேசுவதாகச் சொல்லித்தான் அவன் போன் செய்வான். கிடங்கில் வேலை, ஸ்டேஷன் பக்கத்தில் வீடு என்பான்.

அவன் கண் திறந்தான்.

"ரே."

"டேரில்... நீ இங்க..."

"அண்ணன் வந்திருக்கானா?"

"மாடில இருக்கான். இரு, கூப்பிடறேன்."

"வேண்டாம்." அவள் முழங்கையைப் பிடித்தான். "இந்தக் கோலத்துல அவன் என்னைப் பாக்க வேண்டாம். அன்னிக்கு நீ சொன்னதை நான் அவன்கிட்ட சொன்னேனா? இதை நீ சொல்லாத."

நான்கு வருடங்களுக்கு முன் அவர்கள் வீட்டு சோபாவில் மூன்று மாதம் கிடந்தவனிடம், லீத் ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு காலையில், மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொன்னவள் அவள்தான். தம்பி தானாகவே கிளம்பிப்போனதாகத்தான் லீத் நினைத்திருந்தான்.

மாடிப்படியில் லீத்தின் பூட்ஸ் சத்தம் கேட்டது. ரேலீன் விறுவிறுவென்று போய், கீழ்ப்படியிலேயே அவன் கையைக் கோத்து வாசல் பக்கம் திருப்பினாள்.

மழை விட்டதும் தாவரத் தோட்டத்துக்கு நடந்தார்கள். குளத்தருகே ரொட்டியைப் பிரித்தபோது லீத் உற்சாகமாக இருந்தான். "அடுத்த வருஷம் மெல்பர்ன் போவோம். டேரில் வீட்லயே தங்கிக்கலாம், விடுதிச் செலவு மிச்சம்."

அவள் ரொட்டியைத் தாளிலேயே திரும்ப வைத்தாள். இரண்டையும் சொல்லிவிட்டாள். இன்று கண்டதையும், அன்று டேரிலிடம் சொன்னதையும்.

லீத் தன் ரொட்டியையும் தாளில் சுற்றி வைத்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ரே."

"கேட்டா நீ விட்டிருக்க மாட்ட."

"மாட்டேன்தான்."

எழுந்து ஓட்டமும் நடையுமாகப் போனான். அவள் பின்னாலேயே போனாள். சனிக்கிழமை என்பதால் நூலகத்தை இரண்டு மணிக்கே பூட்டியிருந்தார்கள். வீடில்லாதவர்கள் தோட்டத்துக்கு மேலே குன்றில் கூடாரம் போட்டிருப்பதாக வாசலில் நின்ற காவலாளி சொன்னார். வந்த வழியே திரும்பி, குன்றேறி, கூடாரம் கூடாரமாகக் கேட்டார்கள்.

அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். "டேரிலா? மத்தியானமே மூட்டை கட்டிட்டானே. சொந்தக்காரங்க தேடி வந்துடுவாங்கன்னு ஒரே பதட்டம். எங்க போறேன்னு சொல்லல."

அவள் காட்டிய இடத்தில், கூடாரம் இருந்த அளவுக்குப் புல் வெளுத்துக் கிடந்தது. லீத் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். ரேலீன் அவன் தோளைத் தொட்டாள். அவன் உதறவில்லை, திரும்பவும் இல்லை.

ஞாயிறு காலை அவளை ஊருக்கு ஏற்றிவிட அவன் பேருந்து வரைக்கும் வந்தான். கொஞ்ச நாள் இங்கேயே இருந்து தேடப்போவதாகச் சொன்னான். வளைவுப் பாதையில் அவளுக்குத் தலை சுற்றும் என்று ஓட்டுநரிடம் பேசி முன் இருக்கை வாங்கிக் கொடுத்தான். பையை மேலே வைத்தான். வண்டி நகர்வதற்குள் இறங்கி, குன்று இருக்கும் பக்கமாக நடக்கத் தொடங்கினான்.