ஆறு மாசப் பூட்டு

இன்னும் சந்தைக்கு வராத ஒரு கம்பெனியின் பங்கை வாட்ஸ்அப் தரகர் ஒருவரிடம் வாங்கியபோது, ராகவேந்திரா விலையை மட்டும்தான் கேட்டான். வேறு எதையும் கேட்க அந்த மண்டைக்குத் தோன்றவில்லை.

கம்பெனி சந்தைக்கு வந்த அன்று காலையிலேயே பங்கு இரண்டு மடங்கானது. அவன் மனைவி அகல்யா ஔந்த் இனிப்புக் கடையில் பேடா வாங்கிவந்து மாடி மாடியாக ஏறிக் கொடுத்துவிட்டாள். அவன் விற்கப் போனால் ஆப் விடவில்லை. தரகரைக் கூப்பிட்டான்.

"அரே சாப், முன்னாடியே வாங்கினவங்க ஆறு மாசம் விக்க முடியாது. இதுகூடத் தெரியாதா?" என்று இந்தியில் சிரித்தார்.

புருஷன் விவரமானவன் என்று ஊருக்கே பேடா கொடுத்தவளிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. பங்கு இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் மணிக்கொரு தரம் விலை பார்த்தான், பிறகு அதையும் விட்டுவிட்டான். லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் மேல்மாடி ப்ரியம்வதா, "வித்துட்டீங்களாண்ணா?" என்பாள். "இல்லையே" என்பான். பொய்யில்லை.

பூட்டு திறந்த அன்று, வாங்கிய விலையில் பாதிகூட இல்லை. விற்றான். ஒன்றும் தோன்றவில்லை.

சாயங்காலம் ப்ரியம்வதா வீட்டுக்கே வந்தாள்.

"நீங்க பேடா குடுத்த அன்னைக்கே நானும் அதை வாங்கிப் போட்டனுங்கண்ணா. இறங்க இறங்கப் பயம்தான். ஆனா நீங்களே விக்காம இருக்கீங்களேன்னு நானும் விக்கலைங்க. இன்னும் வெச்சுக்கலாமுங்களா?"

அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.