கரிக்காரரின் மகன்

அப்பாவுக்கு வாய்க்கரிசி போடும் வரிசையில் தீபாங்கரும் வந்து நின்றதைப் பார்த்ததும் ஜெயந்துக்கு அழுகை நின்றுவிட்டது.

செய்தி கேட்டதும் பாதி ஷிப்டில் கிளம்பியிருக்கிறான். அனல்மின் நிலையத்துக் காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. ரயிலில் டாக்குரியா வந்து இறங்கி, ஸ்டேஷனிலிருந்து ஓடியே வந்திருப்பான் போல, மூச்சு வாங்கியது. கண்கள் நன்றாகச் சிவந்திருந்தன. பெற்ற பிள்ளையைவிட அதிகமாக அழுதிருக்கிறான்! ஜெயந்த் சாஸ்திரிகள் பக்கம் திரும்பினான்.

"குடும்பத்து மனுஷா மட்டும் போட்டாப் போதும், சாஸ்திரிகளே."

தீபாங்கருக்குத் தமிழ் தெரியும். கையில் எடுத்த அரிசியைத் தட்டிலேயே போட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினான்.

"என்னடா இது?" என்றாள் அம்மா ஷியாமளா, தாழ்ந்த குரலில். "இந்த வீட்டுல எத்தனை நாள் சாப்பிட்டிருக்கான்!"

"சாப்பிட்டவாள்லாம் பிள்ளையாயிட முடியுமா?"

அம்மா அவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு அப்பாவின் காலருகே போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா வைத்தியநாதன் வங்காளத்துக்கு வந்து வேலை பார்த்ததெல்லாம் அந்த நிலக்கரி மின் நிலையத்தில்தான். தீபாங்கர் அவரிடம் பயிற்சிக்கு வந்து சேர்ந்த வங்காளிப் பையன். பாய்லரோடு தமிழையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிட்டார். ஓய்வு பெற்ற பிறகும், ஊரில் விளக்குப் போடும் நேரமானால் அவனுக்குப் போன் போட்டுவிடுவார். "லோடு எவ்வளவுடா?" என்று அன்றைய மின் தேவைக் கணக்கில் ஆரம்பித்தால் பால்கனியில் அரை மணி நேரம் சிரிப்புதான். அந்த 'டா'வில் இருந்த குழைவு ஜெயந்துக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

ஜெயந்துக்கு உள்ளூரிலேயே, சால்ட் லேக்கில் வேலை. சூரிய மின்சாரக் கம்பெனி. சாப்பாட்டு மேஜையில் அப்பா அதைத்தான் தொட்டுக்கொள்வார்.

"உன் சூரியன் சாயங்காலமானா ஆபீஸைப் பூட்டிண்டு போயிடறதே. அப்புறம் இந்த தேசத்துக்கு விளக்குப் போடறது யாரு? எங்க கரிதான்."

"ஊர் பூரா புகையப் போடறதும் உங்க கரிதான்."

"இருக்கட்டும். அதுக்காக ஆஸ்பத்திரியை இருட்டுல போட முடியுமா?"

அதற்கு மேல் இருவரும் மோர் சாதத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள்.

நேற்று மாலையும் தீபாங்கரோடு பேசிச் சிரித்துவிட்டுப் படுத்தவர்தான், காலையில் எழவில்லை. பக்கத்து அறையில் இருந்த ஜெயந்தை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை.

கேவ்ராதலா மின் மயானத்தில் அப்பாவைக் கிடத்திய தட்டு உலைக்குள் போய்க் கதவு இறங்கியது. அம்மாவின் தம்பி ரங்கராஜன் மாமா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கரியில கரண்ட் பண்ணின மனுஷன், கரண்ட்லயே போயிட்டார் பாரு," என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நழுவினார்.

பெஞ்சில் ஜெயந்தும் தீபாங்கரும் மட்டும். நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம்.

நீங்கள் கிளம்பலாம், மாலை லோடு ஏறும் நேரமாயிற்றே என்று ஜெயந்த் வங்காள மொழியில் சொன்னான். தமிழில் பேசுமளவுக்கு அவனை அருகில் விட மனமில்லை.

"இன்னிக்கு வேற ஆள் பாத்துப்பா," என்றான் தீபாங்கர் தமிழில். அப்பாவின் தமிழ், அதே இழுப்பு.

ஜெயந்துக்குப் பொறுக்கவில்லை. "தினம் என்னதான் பேசுவேள் ரெண்டு பேரும்?"

"லோடு கேப்பார். அப்புறம் மத்யானம் எவ்வளவு குறைச்சேள்னு கேப்பார்."

"எதைக் குறைச்சது?"

"உச்சி வெயில்ல உங்க சோலார் கரண்ட் வந்து கொட்டுமே. உடனே எங்களுக்கு ஆர்டர் வரும், உற்பத்தியப் பாதியாக் குறைங்கோன்னு. குறைச்சுட்டு சும்மா உக்காந்திருப்போம். அதைக் கேட்டுத்தான் அப்படிச் சிரிப்பார். 'என் பிள்ளை உங்களையெல்லாம் உக்கார வெச்சுட்டான் பாத்தியாடா'ன்னு."

ஜெயந்த் பெஞ்சில் அவன் பக்கம் திரும்பினான்.

"எனக்குப் பத்திண்டு வரும்," என்றான் தீபாங்கர், தரையைப் பார்த்தபடி. "பாய்லர் பக்கத்துல வேகறவன் நான். பெருமை உனக்கு. நேத்திக்கும் உன் பேச்சுதான். சொன்னாத் தப்பா நினைச்சுக்காதே, உன்னைக் கண்டாலே ஆகாது எனக்கு."

அப்பாவின் பெருமையைக் கேட்ட ஜெயந்துக்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. அதையும் இவனிடம்தான் சொல்லியிருக்கிறார். பத்தடியில் படுத்திருந்தவனை விட்டுவிட்டு, ரயில் ஏறிப் போக வேண்டிய தூரத்தில் இருப்பவனிடம். அந்தச் சிரிப்பும் 'என் பிள்ளை' என்ற சொல்லும் இவன் காதில்தான் விழுந்திருக்கின்றன. இனி கேட்க வேண்டுமென்றாலும் இவனிடம்தான் போய் நிற்க வேண்டும்.

காக்கிச் சட்டையின் தோளில் கரித்தூள் படிந்திருந்தது. ஜெயந்த் அதையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படிச் சொன்னார்?"

"எதை?"

"இப்பச் சொன்னியே, அது. அவர் சொல்ற மாதிரியே சொல்லு."

தீபாங்கர் திரும்பிப் பார்த்தான். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமினான்.

ஜெயந்த் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்களை மூடிக்கொண்டான்.